மருந்து கேட்கலைன்னா, யார் கேட்கலை?

கோத்தகிரிப் பக்கம் ஒரு சின்ன பஜாரில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டு, மதியம் மூன்று மணிக்கே மூடுபனி படியேறிக் கடைக்குள் வந்து உட்காரும் நாட்களில் என் கவுன்டரில் அடிக்கடி விழும் வாக்கியம் இது: "அண்ணே, அந்த மூணு மாத்திரை அட்டை ஒண்ணு குடுங்க." பெயர் யாருக்கும் தெரியாது. அசித்ரோமைசின் 500 என்ற ஆன்டிபயாட்டிக், ஒரு அட்டையில் மூன்று, நாளுக்கு ஒன்று. சளிக்கும் அதுதான், தொண்டை வலிக்கும் அதுதான், பல் வலிக்குக்கூட அதைக் கேட்டு வந்தவர்கள் உண்டு.

போன மழைக்காலத்தில் ஒரு சாயங்காலம் எஸ்டேட் லைன் வீட்டிலிருந்து ஒரு அம்மா வந்தார். நாலு வயசுப் பையனுக்கு மூன்று நாளாகச் சளி, இருமல். "போன தடவை நீங்க குடுத்த சிரப் கேட்கலைண்ணே, அவன் உடம்பு அதுக்குப் பழகிப்போச்சு. இந்த மாத்திரையையே பாதி பாதியா உடைச்சுக் குடுத்துக்கறேன்."

எனக்குச் சுருக்கென்றது. பாதி மாத்திரை ஒரு காரணம். அந்தச் சிரப்பைச் சீட்டு இல்லாமல் எடுத்துக் கொடுத்தவன் நான்தான் என்பது இன்னொரு காரணம். ஆனால் நான் இங்கே பிடித்துக்கொள்ளப் போவது நடுவில் அவர் சொன்னதை. உடம்பு பழகிப்போச்சு. படித்தவர், படிக்காதவர் எல்லோரும் இதைத்தான் சொல்கிறார்கள், நானும் ரொம்ப நாள் அப்படித்தான் பேசிக்கொண்டிருந்தேன். இது தப்பு. உடம்பு எந்த ஆன்டிபயாட்டிக்குக்கும் பழகுவதில்லை. பழகுவது கிருமி. இந்த ஒரு விஷயம் பிடிபட்டால் மீதியெல்லாம் தானாகப் புரிந்துவிடும், அதனால் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

"மருந்து கேட்கலை" என்று நாம் சொல்வதில் மூன்று வேறு வேறு சங்கதிகள் கலந்து கிடக்கின்றன. முதலாவது, கேட்கவே காது இல்லாத கிருமி. சளி, ஃப்ளூ, பெரும்பாலான தொண்டை வலி, குழந்தைகளின் பெரும்பாலான வயிற்றுப்போக்கு எல்லாம் வைரஸ் வேலை. ஆன்டிபயாட்டிக் என்பது பாக்டீரியாவுக்கான மருந்து. பென்சிலின் குடும்பம் பாக்டீரியாவின் சுவரைக் கட்டவிடாமல் செய்கிறது, அசித்ரோமைசினும் டாக்சிசைக்ளினும் அது புரதம் தயாரிக்கும் எந்திரத்தை அடைக்கின்றன. வைரஸுக்குச் சுவரும் கிடையாது, சொந்தமாக எந்திரமும் கிடையாது. அப்புறம் எதைப் போய் உடைக்கும்? சளி பச்சையாக வந்தால் ஆன்டிபயாட்டிக் வேண்டும் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறதே, அதுவும் சரியில்லை. நிறத்தை வைத்து பாக்டீரியா என்று முடிவுகட்ட முடியாது. சாதாரணச் சளியின் காய்ச்சல் மூன்று நாலு நாளில் விடும், இருமல் மட்டும் இரண்டு மூன்று வாரம்கூட இழுக்கும். மூன்றாம் நாள் என்னிடம் மாத்திரை வாங்கி ஐந்தாம் நாள் சரியானால் பெயர் மாத்திரைக்கு. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. இந்தப் பனம்பழத்தை நம்பித்தான் என் வியாபாரத்தில் ஒரு பகுதி பல வருஷம் ஓடியது என்பதையும் ஒத்துக்கொள்கிறேன்.

இரண்டாவது, பாக்டீரியாதான், ஆனால் நாம் கொடுத்த மருந்து அதற்குரியது இல்லை. மலையில் இருப்பவர்கள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் ஸ்க்ரப் டைஃபஸ் என்று ஒரு காய்ச்சல் இருக்கிறது. புதரிலும் புல்லிலும் இருக்கும் கண்ணுக்கே தெரியாத உண்ணிக்குஞ்சு கடித்துப் பரவுவது. இலை பறிக்கப் போகும் ஒரு அக்கா ஒரு வாரக் காய்ச்சலோடு, எங்கோ வாங்கிய செஃபிக்சிம் என்ற ஆன்டிபயாட்டிக் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு வந்தார். ஐந்து நாள் சாப்பிட்டும் காய்ச்சல் இறங்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னேன். அங்கே டாக்டர் செய்த முதல் வேலை உடம்பு முழுக்கத் தேடியது. இடுப்பில், பாவாடை நாடா இறுகும் இடத்தில், பீடி நெருப்பால் சுட்டது மாதிரி கருகின ஒரு சின்னப் புண், வலியே இல்லாமல் இருந்திருக்கிறது. டாக்சிசைக்ளின் கொடுத்தார்கள், இரண்டே நாளில் காய்ச்சல் இறங்கியது. டாக்சிசைக்ளின் பழைய மருந்து, விலையும் குறைவு. செஃபிக்சிம் அதைவிடப் "பெரிய" மருந்து என்று ஊரில் பெயர். ஆனால் அது பாக்டீரியாவின் சுவரைக் குறிவைப்பது, இந்தக் கிருமிக்கோ அந்த மாதிரி ஒழுங்கான சுவரே கிடையாது. மருந்தில் பெரிசு சின்னது என்று எதுவும் இல்லை, பொருந்துவது பொருந்தாதது மட்டும்தான்.

மூன்றாவதுதான் நாம் பேச வந்தது. நேற்றுவரை கேட்டுக்கொண்டிருந்த மருந்தை இன்றைக்கு அதே வகைக் கிருமி கேட்க மாட்டேன் என்பது. இதை ஆன்டிபயாட்டிக் எதிர்ப்புத்திறன் என்று எழுதுகிறார்கள். எனக்கு இந்தச் சொல்லோடு ஒரு சண்டை. நோய் எதிர்ப்புச் சக்தி என்று நல்ல அர்த்தத்தில் கேட்டுப் பழகியவர்கள் இதையும் உடம்பின் ஒரு பலம் என்றே நினைத்துக்கொள்கிறார்கள். இது கிருமியின் பலம்.

எப்படி வருகிறது? மலையில் கோசு போட்டவர்களுக்கு நான் விளக்கவே வேண்டாம். ஒரே பூச்சி மருந்தைத் திரும்பத் திரும்ப அடித்தால் இரண்டு மூன்று போகத்தில் புழு அதைச் சட்டை செய்வதில்லை. எந்தப் புழுவும் மருந்தைக் குடித்துப் பழகிக்கொள்ளவில்லை. ஆயிரத்தில் ஒன்றிரண்டு பிறவியிலேயே தாங்கும் தன்மையோடு இருந்தன, மற்றதெல்லாம் செத்து இடம் காலியானதும் அவை மட்டும் பெருகின. பாக்டீரியா கதையும் இதேதான், வேகம்தான் வேறு. வசதியான சூழலில் ஈ.கோலை என்ற குடல் பாக்டீரியா சுமார் 20 நிமிஷத்துக்கு ஒருமுறை இரண்டாகப் பிரியும். கணக்குப் போட்டுப் பாருங்கள், ஒன்றிலிருந்து தொடங்கினால் பத்து மணி நேரத்தில் 100 கோடியைத் தாண்டும். இத்தனை முறை நகல் எடுக்கும்போது எங்காவது எழுத்துப்பிழை விழும், அந்தப் பிழைகளில் ஏதோ ஒன்று மருந்திலிருந்து தப்பிக்க உதவும். சில கிருமிகள் மருந்தை வெட்டிப்போடும் நொதியைச் சுரக்கின்றன. சில, உள்ளே வந்த மருந்தை மோட்டார் வைத்து இறைப்பதுபோல வெளியே தள்ளுகின்றன. சில, மருந்து வந்து ஒட்டும் இடத்தையே மாற்றி வைத்துக்கொள்கின்றன.

இதையெல்லாம்விட மோசம், அவை இந்த வித்தையைக் கைமாற்றிக்கொள்வது. பாக்டீரியாவுக்குள் பிளாஸ்மிட் என்று ஒரு சின்ன மரபணு வளையம் உண்டு. விதைக்கிழங்கை வேலிக்கு மேலாகப் பக்கத்துத் தோட்டத்துக்காரருக்கு எடுத்துக் கொடுப்போம் இல்லையா, அது மாதிரி ஒரு பாக்டீரியா இந்த வளையத்தின் நகலை இன்னொன்றுக்குக் கொடுத்துவிடும். வாங்குவது வேறு இனமாகக்கூட இருக்கலாம். கூடலூர் வழியாக இறங்கினால் வரும் கோழிக்கோட்டில் 1972ல் க்ளோராம்பெனிகால் கேட்காத டைஃபாய்டு பரவியது, அதிலும் இப்படிக் கைமாறக்கூடிய எதிர்ப்புதான் இருந்தது. அந்தக் காலத்தில் டைஃபாய்டுக்கு அதுதான் கை கண்ட மருந்து. பிறகு சிப்ரோஃப்ளாக்சசின் வந்தது, தொண்ணூறுகளில் டைஃபாய்டு என்றாலே அதுதான். இன்றைக்கு நம் நாட்டு டைஃபாய்டுக் கிருமியில் பெரும்பகுதி அதற்கும் மசிவதில்லை. வேடிக்கை என்னவென்றால், பல வருஷம் யாரும் அதிகம் தொடாமல் விட்ட க்ளோராம்பெனிகாலுக்கு இப்போது பல இடங்களில் டைஃபாய்டுக் கிருமி திரும்பவும் கேட்கிறது. எல்லாக் கிருமியும் இப்படித் திரும்பி வருவதில்லை, அதனால் இதை நம்பி உட்கார முடியாது.

சரி, சளிக்கு மாத்திரை போட்டால் சளி வைரஸுக்கு ஒன்றும் ஆகாது, வீண் செலவு, அவ்வளவுதானே என்று கேட்கலாம். அவ்வளவுதான் இல்லை. விழுங்கிய மாத்திரை வைரஸைப் பார்க்காது, ஆனால் குடலில் சும்மா இருக்கும் கோடிக்கணக்கான பாக்டீரியாவைப் பார்க்கும். அதில் சாது எல்லாம் செத்து, தாங்கக்கூடியவை தங்கிப் பெருகும். இப்போதைக்கு அவற்றால் தொந்தரவு இல்லை. ஆறு மாதம் கழித்து அதில் ஒன்று மூத்திரப் பாதைக்குள் ஏறும்போதுதான் தெரியும். அல்லது அது உங்களை விட்டுவிட்டு, கை கழுவாமல் பிசைந்த சோற்றின் வழியாகப் பக்கத்தில் இருப்பவருக்குப் போகும்.

என் மாமனாருக்கு அப்படி ஏதோ ஒன்றுதான் நடந்திருக்க வேண்டும். 72 வயசு, தோட்டம், மாடு, வெற்றிலை, இதுதான் அவர் உலகம். ஆயுளில் விழுங்கிய மாத்திரைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். மழையில் சரிவில் வழுக்கித் தொடை எலும்பு முறிந்து, கோயம்புத்தூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன். எலும்பு நன்றாகத்தான் கூடியது. மூத்திரத்துக்குப் போட்ட டியூபை மட்டும் தேவை முடிந்த பிறகும் எடுக்காமல் விட்டுவிட்டார்கள், நாங்களும் கேட்கத் தெரியாமல் இருந்துவிட்டோம். டியூப் உள்ளே இருக்கும் ஒவ்வொரு நாளும் கிருமி ஏறும் வாய்ப்பு கூடிக்கொண்டே போகும். ஆறாம் நாள் குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல். மூத்திரத்தை கல்ச்சருக்கு அனுப்பினார்கள்.

கல்ச்சர் என்றால் என்ன என்பதை டி.ஃபார்ம் படித்த காலத்தில் பார்த்திருக்கிறேன். வட்டமான மூடி போட்ட சின்னத் தட்டு. அதில் கடல்பாசி இறுகின மாதிரி ஒரு தளம், அதன் மேல் கிருமியைப் பூசி, பஞ்சிங் மெஷினிலிருந்து விழுந்த மாதிரி சின்னச் சின்னக் காகித வில்லைகளை வைப்பார்கள். ஒவ்வொரு வில்லையிலும் ஒரு மருந்து. இரவு முழுக்கச் சூட்டில் வைத்து மறுநாள் எடுத்துப் பார்த்தால் தட்டு முழுக்கக் கிருமி பால் ஏடு மாதிரி படர்ந்திருக்கும். கேட்கிற மருந்தைச் சுற்றி மட்டும், நிலா வட்டம் கட்டினது மாதிரி, ஒரு வெற்று வளையம். கேட்காத மருந்தின் வில்லையை ஒட்டியே, கிட்டத்தட்ட அதன் மேலேயே கிருமி ஏறியிருக்கும். அந்த வளையத்தை ஸ்கேல் வைத்து அளந்துதான் ரிப்போர்ட்டில் எஸ் என்றோ ஆர் என்றோ போடுகிறார்கள். எஸ் என்றால் கேட்கும், ஆர் என்றால் கேட்காது. கிருமியை முதலில் வளர்த்துப் பிரித்தெடுக்கவும் வேண்டும் என்பதால் மொத்தமாக இரண்டு மூன்று நாள் ஆகும். ரிப்போர்ட் வரவில்லையே என்று லேப்பில் சத்தம் போட்டுப் பிரயோஜனமில்லை, அது வளர்கிற நேரம்.

மாமனாரின் ரிப்போர்ட்டில் மேலிருந்து கீழே ஆர், ஆர், ஆர். என் கடையில் தினமும் கைமாறுகிற பெயர்கள் அத்தனையும் அந்த வரிசையில் இருந்தன. கடைசியில் மெரோபெனம் முதலான இரண்டு மூன்றுக்கு மட்டும் எஸ். மெரோபெனத்தில் மாத்திரை கிடையாது, ஊசிதான், நாளுக்கு மூன்று வேளை. அதனால் மலையேற முடியாமல் கீழேயே இன்னும் பத்து நாள் தங்க வேண்டியதாயிற்று. மாத்திரையே சாப்பிடாத மனுஷனின் உடம்பு எதற்குப் பழகியிருக்கும்? யார் யாரோ விழுங்கிய மாத்திரைக்குப் பழகின கிருமி அவருக்குள் வந்து சேர்ந்தது. அதில் நான் விற்றதும் இருக்கலாம். அன்றைக்கு ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து அந்தத் தாளைப் பார்த்தபோதுதான் எனக்கே இது முழுசாக உறைத்தது.

மெரோபெனமும் அசைக்க முடியாத கோட்டை இல்லை. அந்தக் குடும்ப மருந்துகளையே வெட்டிப்போடும் ஒரு நொதியை 2009ல் விவரித்தார்கள், தில்லியில் சிகிச்சை எடுத்துவிட்டு ஸ்வீடன் திரும்பிய ஒரு நோயாளியிடம் கண்டது. அதனால் பெயரிலேயே நியூ டெல்லி ஒட்டிக்கொண்டு, என்.டி.எம்-1 ஆயிற்று. பெயர் வைத்ததில் நம் ஊர்க்காரர்களுக்குக் கோபம் வந்தது, நியாயமான கோபம்தான். ஆனால் அடுத்து 2012ல் சென்னையில் மருத்துவச் சங்கங்கள் கூடி, இந்த எதிர்ப்பைக் கட்டுப்படுத்தச் சென்னைப் பிரகடனம் என்று ஒன்றைக் கொண்டுவந்தது உருப்படியான காரியம். 2019ல் மட்டும் மருந்து கேட்காத பாக்டீரியாவால் நேரடியாக உலகில் சுமார் 12.7 லட்சம் பேர் இறந்ததாக மதிப்பிட்டிருக்கிறார்கள்.

ஆஸ்பத்திரியில் இதை எப்படிச் சமாளிக்கிறார்கள் என்பதில் நோயாளியின் சொந்தக்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது கொஞ்சம் இருக்கிறது, ஏனென்றால் நல்ல டாக்டர் செய்கிற நல்ல காரியம் பல நேரம் நமக்கு அலட்சியம் மாதிரித் தெரியும். ஆபரேஷனுக்கு ஆன்டிபயாட்டிக் போட வேண்டிய நேரம், கத்தி வைப்பதற்கு முந்தின ஒரு மணி நேரத்துக்குள். பெரும்பாலான ஆபரேஷன்களுக்கு அதோடு சரி, மிஞ்சினால் 24 மணி நேரம். "ஆபரேஷன் பண்ணிட்டு ஒரு ஆன்டிபயாட்டிக்கூட எழுதலை பாருங்க" என்று என்னிடம் வந்து புலம்புகிறவர்கள் இருக்கிறார்கள். அதேபோல் உயிருக்கு ஆபத்தான நிலையில் வந்தவருக்கு முதலில் பல கிருமிகளைத் தாக்கும் மருந்தைத் தொடங்கிவிட்டு, இரண்டு மூன்று நாளில் கல்ச்சர் வந்ததும் அந்தக் கிருமிக்கு மட்டுமான மருந்துக்கு மாற்றுவார்கள், தேவையில்லை என்று தெரிந்தால் நிறுத்தியே விடுவார்கள். இதுதான் சரியான முறை. கல்ச்சர் எடுத்தாச்சா, இந்த டியூப் இன்னும் வேணுமா, இந்த ஆன்டிபயாட்டிக் எத்தனை நாளைக்கு என்று கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை. கட்டிலுக்குக் கட்டில் கிருமி பெரும்பாலும் கைகளில் ஏறித்தான் போகிறது, பார்க்கப் போகிற நாமும் கழுவ வேண்டும், ஆரஞ்சுப் பழத்தோடு சோப்பும் வாங்கிப் போகலாம்.

கோர்ஸ் முடிக்கணுமா என்ற கேள்விக்கு வருகிறேன். கவுன்டரில் இதைத்தான் ரொம்பக் கேட்கிறார்கள். பழைய பதில், என்ன ஆனாலும் கடைசி மாத்திரை வரை போடு. இப்போது மருத்துவ உலகம் கொஞ்சம் மாறியிருக்கிறது. நிறைய நோய்களுக்கு முன்னே கொடுத்ததைவிடக் குறைந்த நாட்களே போதும் என்று தெரிந்திருக்கிறது, உதாரணமாகச் சாதாரண நிமோனியா நன்றாகக் குறைந்து வந்தால் ஐந்து நாள் போதும். அதற்காக நாமே இரண்டாம் நாள் நிறுத்திக்கொள்ளலாம் என்று அர்த்தமில்லை. காசநோய்க்கு ஆறு மாதம் என்றால் ஆறு மாதம்தான், நடுவில் விட்டால் அதன் முக்கிய மருந்துகளான ஐசோனியாசிட், ரிஃபாம்பிசின் இரண்டுமே கேட்காத காசநோயாகத் திரும்பி வரும் ஆபத்து இருக்கிறது. ஆக, எத்தனை நாள் என்பதைச் சீட்டு எழுதும்போதே கேட்டுக்கொண்டு அதன்படி போடுங்கள், சீக்கிரம் குணமானால் டாக்டரிடம் கேட்டு நிறுத்துங்கள். பாதி மாத்திரை, ஒருவேளை விட்டு ஒருவேளை, வீட்டில் மிச்சமிருந்த நாலு, அக்கா வீட்டில் மிச்சமிருந்த இரண்டு, இந்தக் கணக்கு மட்டும் வேண்டாம். தண்ணீர் ஊற்றிக் கலக்கி வைத்த ஆன்டிபயாட்டிக் சிரப்பை, இந்த மலைக் குளிரே ஃப்ரிட்ஜ்தானே என்று அடுத்த மாதம் வரை ஜன்னலில் வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள், அது பெரும்பாலும் ஒரு வாரச் சரக்கு.

பென்சிலினைக் கண்டுபிடித்த ஃப்ளெமிங் 1945ல் நோபல் உரையிலேயே இதைச் சொல்லிவிட்டார். யார் வேண்டுமானாலும் கடையில் பென்சிலின் வாங்கும் காலம் வரலாம், அப்போது தெரியாதவர்கள் அளவு குறைவாகப் போட்டுக் கிருமியைச் சாகடிக்காமல் பழக்கிவிடுவார்கள் என்று. கடை என்றதும் எனக்குக் குறுகுறுக்கிறது. கத்தரிக்கோலால் அட்டையை வெட்டி "ரெண்டு நாளைக்குப் பாருங்க" என்று நானும் கொடுத்திருக்கிறேன். காய்ச்சல் மாத்திரை ஒன்று, சளி மாத்திரை ஒன்று, ஆன்டிபயாட்டிக் ஒன்று என்று காகிதக் கவரில் செட் போட்டுக் கொடுத்த காலமும் உண்டு. சட்டம் என்னவோ தெளிவாகத்தான் இருக்கிறது, ஆன்டிபயாட்டிக் மாத்திரை எதையும் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. 2014 மார்ச்சிலிருந்து செஃபிக்சிம், மெரோபெனம் போன்ற சிலவற்றுக்கு எச்1 என்று தனிப் பட்டியல், யார் எழுதினார், யார் வாங்கினார், எத்தனை என்று தனி நோட்டில் எழுதி மூன்று வருஷம் வைத்திருக்க வேண்டும். 2016ல் அட்டையின் மேல் சிவப்புக் கோடு பற்றி அரசு பிரசாரம் செய்தது. சிவப்புக் கோடு இருந்தால் டாக்டர் சீட்டு வேண்டும். வீட்டில் இருக்கும் அட்டைகளை எடுத்துப் பாருங்கள், கோடு கண்ணில் படும்.

உலக சுகாதார நிறுவனம் ஆன்டிபயாட்டிக்குகளை மூன்றாகப் பிரித்திருக்கிறது. தாராளமாக முதலில் எடுக்கக்கூடியவை, கவனித்து எடுக்க வேண்டியவை, கடைசிக்கென்று ஒதுக்கி வைக்க வேண்டியவை. அமாக்சிசிலின், டாக்சிசைக்ளின் முதல் வகை. நம் மூன்று மாத்திரை அட்டை இரண்டாம் வகை, கவனித்து எடுக்க வேண்டியது. அதுதான் இங்கே பொரிகடலை மாதிரிப் போகிறது. கொலிஸ்டின் கடைசி வகை. அதைக் கோழித் தீவனத்தில் கலந்துகொண்டிருந்தார்கள், 2019ல்தான் மத்திய அரசு தடை போட்டது. மாட்டுக்கு மடிநோய்க்கு மருந்து ஏற்றிய பிறகு, அது பாலில் வரும் என்பதால் இத்தனை நாள் பால் ஊற்றக் கூடாது என்று கால்நடை டாக்டர் சொல்வதும் இந்தக் கதையில் ஒரு பகுதி.

தடுப்பூசி இதில் எங்கே வருகிறது என்று யாரும் கேட்பதில்லை. நோயே வராவிட்டால் ஆன்டிபயாட்டிக்குக்கு வேலை இல்லை. குன்னூர் பாஸ்டியர் நிலையத்தை வெறிநாய்க்கடி ஊசியோடுதான் எல்லோருக்கும் தெரியும். 1907ல் தொடங்கிய அந்த நிலையம் முத்தடுப்பு ஊசியும் தயாரித்தது. அது தடுக்கும் தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், ரண ஜன்னி மூன்றும் பாக்டீரியா நோய்கள். நிமோனியாவுக்கான பி.சி.வி. ஊசி 2021லிருந்து நம் அரசுத் திட்டத்தில் குழந்தைகளுக்கு இலவசம்.

இவ்வளவும் பேசிவிட்டு, மாத்திரை கேட்டு வருகிற ஜனங்களைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. லைன் வீட்டிலிருந்து டாக்டரைப் பார்க்கப் போனால் அன்றைக்கு இலை பறிக்க முடியாது, கூலி போச்சு. பஸ்ஸுக்குக் காத்திருந்து, வரிசையில் நின்று, திரும்ப மினி பஸ் பிடிக்க இருட்டிவிடும். என் கடையில் ஐந்து நிமிஷம், நூறு ரூபாய்க்குள் காரியம் முடியும். டாக்டர் கிட்டத்தில் இல்லாத ஊரில் மருந்துக்கடைக்காரன் மட்டும் சட்டம் பேசினால் ஒருநாள் நிஜமாகவே ஆன்டிபயாட்டிக் தேவைப்படுகிற குழந்தை கிடைக்காமல் போய்விடும், அதுவும் நடக்கிறதுதான். அதனால் சும்மா இல்லை என்று சொல்லி அனுப்பாமல், எப்போது ஓட வேண்டும் என்பதைச் சொல்லி அனுப்ப வேண்டும் என்று வைத்துக்கொண்டிருக்கிறேன்.

அந்த அம்மாவிடம் அதைத்தான் செய்தேன். பையனைப் பெஞ்சில் உட்கார வைத்து, சட்டையைத் தூக்கி, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே ஒரு நிமிஷம் முழுசாக மூச்சை எண்ணினோம். இருபத்தெட்டு. நாலு வயசுக்கு நாற்பதைத் தொட்டால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலும், தண்ணீர்கூட இறங்காமல் துவண்டு கிடந்தாலும், வலிப்பு வந்தாலும், காய்ச்சல் மூன்று நாளைத் தாண்டினாலும் அப்படித்தான், நேரம் காலம் பார்க்கக் கூடாது. இது எதுவும் இல்லையென்றால் வெந்நீர், கஞ்சி, காய்ச்சல் அடித்தால் எடைக்கேற்ற பாராசிட்டமால், ராத்திரி இருமலுக்கு ஒரு ஸ்பூன் தேன். "இவ்வளவுதானாண்ணே?" என்றார், நம்பாமல். கையில் ஒரு தெர்மாமீட்டரைக் கொடுத்து, சளி விட்டதும் கொண்டுவந்து தாங்க என்றேன்.

பையன் இப்போது பால்வாடிக்குப் போகிறான், போகிற வழியில் கடையைப் பார்த்துக் கை காட்டுகிறான். தெர்மாமீட்டர்தான் இன்னும் வரவில்லை. லைனில் வீடு வீடாகச் சுற்றிக்கொண்டிருக்கிறதாம்.